பிகாச்சுவுக்கு கன்னம், கொலுவுக்கு டோரேமான்: கைவேலை கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெசேஜ் எல்லாத்தையும் படிச்சா பெரும்பாலும் கார்ட்டூன், சினிமா, கேம் பத்தின கேள்விதான். பிள்ளைங்க ஆசையா கேட்கிறதை கடையில வாங்காம கையால செஞ்சு கொடுக்கணும்னு இத்தனை பேர் நினைக்கிறதே எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.

எனக்கு குரோஷா, அதான் கொக்கி ஊசியால நூல் பின்றது தெரியும், அம்மா சொல்லிக்கொடுத்து டிவி உறை, தட்டு மூடி எல்லாம் போட்டிருக்கேன். பொண்ணு இப்ப போக்கிமான் கார்ட்டூன்ல வர்ற பிகாச்சு பொம்மை கேட்கிறா. போட்டுப் பார்த்தா தலை உருண்டையா வரல, ஆறு மூலையா வருது, உள்ள வச்ச பஞ்சும் வெளிய தெரியுது. என்ன பண்ணணும் மேடம்?
*வாசகி, காரைக்குடி*

டிவி உறை போட்ட கைக்கு இது கஷ்டமே இல்ல, ஏன்னா கணக்கு அதே கணக்குதான். வட்டமா ஒரு உறை போடுறப்ப அது சுருங்காம தட்டையா வரணும்னு ஒவ்வொரு சுத்துலயும் தையல் கூட்டிக்கிட்டே போவீங்க இல்லையா, பொம்மையில ஒரு இடத்துல அந்தக் கூட்டலை நிறுத்திடணும், அவ்ளோதான் வித்தியாசம். ஜப்பான்காரங்க அமிகுருமின்னு சொல்ற இந்த பொம்மைகள்ல பெரும்பாலும் மேஜிக் ரிங்ல, அதாவது இழுத்தா நடு ஓட்டை மூடிக்கிற நூல் வளையத்துல, 6 சிங்கிள் குரோஷேல (சாதாரண குட்டைத் தையல்) ஆரம்பிப்பாங்க, அடுத்த சுத்து 12, அப்புறம் 18, 24, 30, 36ன்னு ஆறு ஆறா ஏறும். உங்களுக்கு வேணுங்கிற அகலம் வந்ததும் கூட்டாம குறைக்காம சில சுத்து நேரா போட்டா அதுதான் தலையோட பக்கவாட்டு, அதுக்கப்புறம் 30, 24ன்னு இறங்கி மூடிடலாம்.

ஆறு மூலை ஏன் வருதுன்னா, கூட்டுற தையல் எல்லாம் ஒன்னுக்கு மேல ஒன்னா ஒரே கோட்டுல வந்து உக்காருது. ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து அந்த இடத்தை கொஞ்சம் தள்ளி வையுங்க, மூலை காணாம போயிடும். பஞ்சு தெரியுறதுக்கு காரணம் ஊசி. நூல் லேபிள்ல 4 எம்எம் ஊசின்னு போட்டிருந்தா பொம்மைக்கு 3 இல்லன்னா 2.5 எடுங்க, கை கொஞ்சம் வலிக்கும், ஆனா தையல் நெருக்கமா வரும். இலவம்பஞ்சு வேண்டாம், துவைச்சா கட்டி கட்டியா போயிடும், தலையணைக்கு வைக்கிற ரெக்ரான் பஞ்சு நல்லது. சுத்து முடியுற இடத்துல ஸ்லிப் ஸ்டிச், அதான் சுத்தை இணைக்கிற தையல் போட்டு மூடாம அப்படியே சுருளா போயிட்டே இருங்க, ஆரம்ப தையல்ல மட்டும் வேற கலர் நூல் ஒன்னை மாட்டி வச்சுக்கிட்டா எண்ணிக்கை தவறாது.

இப்ப முக்கியமானது. பேட்டர்ன் கிடைக்கலன்னு கவலைப்படாதீங்க, பிகாச்சுவை பிகாச்சுவா காட்டுறது மூனே விஷயம்தான், நுனி கருப்பான நீளக் காது, சிவப்பு கன்னம், மின்னல் மாதிரி மடிஞ்ச வால். உடம்பு குண்டா ஒல்லியான்னு குழந்தை பார்க்கவே பார்க்காது, அந்த ரெண்டு சிவப்பு வட்டம் சரியான இடத்துல, கண்ணுக்கு கீழ கொஞ்சம் வெளிப்பக்கமா உக்காந்துட்டா போதும், பார்த்த உடனே பேர் சொல்லி கூப்பிடும். வாலுக்கு மஞ்சள் ஃபெல்ட் துணி ரெண்டு அடுக்கு வச்சு தைச்சிடுங்க, நூல்ல போட்டா தொங்கிடும். அடிப்பக்கம் பழுப்பு கலர் மறக்காதீங்க, வால் நுனியில இதயம் மாதிரி ஒரு வெட்டு கொடுத்தா அது பெண் பிகாச்சு, உங்க பொண்ணுக்கு அது தெரிஞ்சிருக்கும்! வீட்ல 3 வயசுக்கு கீழ குழந்தை இருந்தா பிளாஸ்டிக் கண், பட்டன் எதுவும் வேண்டாம், பிடுங்கி வாயில போட்டுக்கும், கருப்பு நூல்லயே கண்ணு தைச்சிடுங்க.

ரிட்டயர்டு ஆளு நான். மனைவி போடுறதைப் பார்த்து எனக்கும் ஊசி நூல் எடுக்க ஆசை. ஆம்பளை இதெல்லாம் செய்றதான்னு வீட்ல சிரிக்கிறாங்க.
*வாசகர், நாகர்கோவில்*

டோக்கியோ ஒலிம்பிக்ல 2021ல தங்கம் ஜெயிச்ச இங்கிலாந்து டைவிங் வீரர் டாம் டேலி, கேலரியில உக்காந்து பின்னிக்கிட்டே மத்தவங்க போட்டியைப் பார்த்த போட்டோவை வீட்ல காட்டுங்க. மெடல்ல கீறல் விழக்கூடாதுன்னு அதுக்கு ஒரு பை கூட அவரே பின்னிக்கிட்டார். கொஞ்சம் தடிமனான நூலா வாங்கி ஆரம்பிங்க ஐயா, கண்ணுக்கும் சிரமம் இருக்காது.

நவராத்திரிக்கு என் பசங்க கொலுவுல கார்ட்டூன்ல வர்ற பூனை ரோபோ டோரேமானும், மைன்கிராஃப்ட் கேம் பொம்மையும் வைக்கணும்னு அடம் பிடிக்கிறாங்க. சாமிக்கு நடுவுல இதென்னன்னு மாமியார் கோவிச்சுக்கிறாங்க. ரெண்டு பேரையும் எப்படி சமாளிக்கிறது அக்கா?
*வாசகி, தாம்பரம்*

அத்தை சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, மேல் படி மேல் படியாவே இருக்கட்டும், கலசம், மரப்பாச்சி, தசாவதாரம் இருக்கிற இடத்துல கை வைக்க வேண்டாம். ஆனா கொலுவுல எப்பவுமே அந்தந்த காலத்து ஊர் உலகம் வந்து உக்காந்திருக்கு. அரிசி பருப்பை முன்னாடி பரப்பி வச்சு தொப்பையோட உக்காந்திருக்கிற செட்டியார் செட் யாரு, நம்ம தெருக்கடைக்காரர்தானே. பேண்டு வாத்தியம், கல்யாண ஊர்வலம், போலீஸ், கிரிக்கெட் டீம்னு எல்லாம் கடையிலயே விக்குது. படிக்கு கீழ பார்க் போடுறோமே, வெந்தயம் கடுகு தூவி புல்லு முளைக்க வச்சு, கண்ணாடியில குளம் வச்சு, அந்த இடத்தை முழுசா பசங்க கிட்ட கொடுத்துடுங்க. அத்தைக்கும் அந்த பார்க்ல ஒரு மூலை கொடுத்து அவங்க சின்ன வயசு ஊரை செய்யச் சொல்லுங்க, நான் சொல்றேன் பாருங்க, கோவம் தானா இறங்கிடும்.

மைன்கிராஃப்ட்க்கு காலி தீப்பெட்டி போதும், அந்த கேம்ல மரம் மண் ஆடு மாடு எல்லாமே கட்டம்தான். ரெண்டு ரெண்டு பெட்டியா ஒட்டி, கலர் பேப்பர் சுத்தி, ஸ்கெட்ச் பேனாவால சின்னச் சின்ன சதுரமா கலர் பண்ணினா மண் பிளாக்கு, புல் பிளாக்கு ரெடி. பச்சைப் பெட்டியில கருப்பு பேப்பரை சதுரமா வெட்டி ரெண்டு கண்ணும் கீழ் நோக்கி தொங்குற வாயும் ஒட்டிட்டா அந்த கேம்ல வர்ற பச்சை பூதம் கிரீப்பர், இதை ஆறு வயசு குழந்தையே செஞ்சிடும்.

டோரேமானுக்கு காகிதக்கூழ். பழைய நியூஸ் பேப்பரை கிழிச்சு ராத்திரி ஊற வச்சு, பிழிஞ்சு மிக்ஸியில கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு, அதோட ஊறவச்சு அரைச்ச வெந்தயத்தை சேர்த்து பிசையுங்க, நம்ம பாட்டிங்க பானை மேல அப்பி கூடை செஞ்சது இதே கூழ்தான், வெந்தயம் பசையாவும் பிடிக்கும், பூச்சியும் அண்டாதுன்னு சொல்வாங்க. சின்ன பலூனை ஊதி அது மேல மெல்லிசா ஒரு அடுக்கு, நல்லா காஞ்சதும் அடுத்த அடுக்கு. ஒரே தடவையில தடிமனா அப்பினா வெளிய காஞ்சு உள்ள பூசணம் பிடிச்சிடும். காஞ்சதும் சாக் பவுடரும் ஃபெவிகாலும் குழைச்சு பூசி, உப்புத்தாள் தேய்ச்சு, அப்புறம்தான் பெயிண்ட். இதுலயும் அடையாளம் கொஞ்சம்தான், நீல உடம்பு, சிவப்பு பட்டையில மஞ்சள் மணி, வயித்துல அரைவட்ட பாக்கெட். காது வச்சிடாதீங்க, டோரேமானுக்கு காதே கிடையாது, பசங்க சண்டைக்கு வந்துடுவாங்க. நவராத்திரி நேரத்துல மழையும் ஈரமும் இருக்கும்ங்கிறதால ஆவணியிலயே ஆரம்பிச்சிடுங்க.

காலேஜ் படிக்கிறேன். சினிமா ஹீரோக்கள் முகம், கார்ட்டூன் கேரக்டர் எல்லாம் கீசெயினா செஞ்சு இன்ஸ்டாகிராம்ல விக்கலாம்னு இருக்கேன். ஏதாவது பிரச்சனை வருமா?
*வாசகர், கோவை*

தம்பி, உங்க பைக் சாவிக்கு செஞ்சு மாட்டிக்கிறது வேற, விக்கிறது வேற. 2008ல இங்கிலாந்துல டாக்டர் ஹூ சீரியல்ல வந்த ஒரு குட்டி ஜந்துவுக்கு ஒரு ரசிகை பின்னல் பேட்டர்ன் எழுதி இலவசமா போட்டாங்க, அதை வச்சு வேற யாரோ பொம்மை செஞ்சு ஏலத்துல வித்தாங்க, கடைசியில பேட்டர்னை எடுக்கச் சொல்லி பிபிசி கேட்டது அந்த ரசிகை கிட்டதான். எனக்கு அந்த விஷயத்துல இன்னிக்கும் வருத்தம் உண்டு. அதுக்கு நேர்மாறா 2020ல பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் போட்டிருந்த கலர் கட்டம் வச்ச ஸ்வெட்டரை உலகம் முழுக்க பசங்க பார்த்து பார்த்து பின்ன ஆரம்பிச்சப்ப, டிசைன் பண்ணின ஜேடபிள்யூ ஆண்டர்சனே பேட்டர்னை இலவசமா வெளியிட்டுட்டார், அந்த ஸ்வெட்டர் இப்ப லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. எல்லாரும் அப்படி தாராளமா இருக்க மாட்டாங்க இல்லையா. நம்ம ஊர்லயே 2015ல ரஜினிகாந்த் பேரு, உருவம், ஸ்டைலை அனுமதி இல்லாம ஒரு படத்துல பயன்படுத்தக்கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கு. அதனால முகமும் கேரக்டரும் வச்சு வியாபாரம் வேண்டாம்னுதான் சொல்வேன்.

அதுக்கு பதிலா யாருக்கும் சொந்தமில்லாத நம்ம தினசரி சாமான்ல இறங்குங்க. டபரா டம்ளர், ஆட்டோ, டவுன் பஸ் டிக்கெட், பம்பரம், தேன் மிட்டாய், கரண்ட் போனா எடுக்கிற பனை விசிறி. வெளியூர்ல இருக்கிற நம்ம பசங்க இதைத்தான் வாங்குவாங்க, ஒரு சின்ன டம்ளரைப் பார்த்தா வீட்டு ஞாபகம் வந்துடும் பாருங்க.

கார்ன்ஃப்ளாரும் ஃபெவிகாலும் வச்சு இட்லி, வடை ஃப்ரிட்ஜ் மேக்னட் செய்றேன். காஞ்சதும் வெடிக்குது, இட்லி வெள்ளையா இல்லாம மெழுகு மாதிரி இருக்கு.
*வாசகி, திருச்சி*

வெடிக்கிறது ஃபேனுக்கு அடியிலயோ வெயில்லயோ காய வைக்கிறதால இருக்கும். நிழல்ல, காத்து நேரா படாம வச்சு, தினமும் திருப்பிப் போடுங்க. ஒரு கப் கார்ன்ஃப்ளாருக்கு ஒரு கப் ஃபெவிகால், ரெண்டு ஸ்பூன் எலுமிச்சை சாறு, ரெண்டு ஸ்பூன் எண்ணெய், சிறு தீயில கிளறி உருண்டு வந்ததும் சூட்டோட நல்லா பிசைஞ்சு, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு நாள் வச்சிட்டு அப்புறம் எடுங்க. காயுறப்ப கொஞ்சம் சுருங்கும், அதனால நினைச்ச அளவை விட பெருசா உருட்டணும். மெழுகு மாதிரி தெரியுறதுக்கு காரணம் பசை காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், அதனால பிசையுறப்பவே வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் ஒரு ஸ்பூன் சேர்த்துடுங்க. இட்லிக்கு வெறும் வெள்ளையும் வேண்டாம், துளி மஞ்சள் தொட்டு கலந்து, ஈரமா இருக்கிறப்பவே பழைய டூத் பிரஷ்ஷால மேல லேசா தட்டினா ஆவியில வெந்த அந்த பொடிப்பொடி ஓட்டை அப்படியே வந்துடும். கடைசியா ரெண்டு கோட்டு வார்னிஷ், ஆனா அது பளபளக்காத மேட் வார்னிஷா இருக்கட்டும், பளபளப்பு வடைக்கும் சாம்பாருக்கும் மட்டும்.