இடது பக்கமாகவே மெல்லுகிற மகள்

கேள்வி: கணவரின் வேலைக்காகப் பெய்ஜிங்கில் குடியிருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. குளிர்காலம் தொடங்கிவிட்டால் இங்கே தெருவெல்லாம் பிங்தாங்ஹூலு விற்கிறார்கள். ஷான்ஜா என்கிற சிறிய சிவப்புப் பழங்களை மூங்கில் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுப்பது. கணவர் இரவு ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து வரும்போது மகளுக்கு ஒரு குச்சி வாங்கி வருவார், ஏறக்குறைய தினமும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், ‘சீனத் தின்பண்டத்தைக் கொடுத்துக் குழந்தையைக் கெடுக்கிறீர்கள்’ என்று சண்டை பிடிக்கிறார். ஷான்ஜாவில் வைட்டமின் சி அதிகம், ஜீரணத்துக்கு நல்லது, சீன வைத்தியத்தில் அது மருந்து என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்கிறார். பழம்தானே, மிட்டாயைவிட மேல் அல்லவா? மகள் எதையும் இடது பக்கமாகவே மெல்லுகிற பழக்கம் உள்ளவள். சப்பிச் சப்பி ஒரு குச்சியை முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்போம். மாமியாருக்குப் புரியும்படி இதன் சத்துகளை விளக்கி எழுதுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெய்ஜிங்

பதில்: சகோதரி, சத்துகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் எழுந்து போய், கைப்பேசியின் டார்ச் விளக்கைப் போட்டு, உங்கள் மகளின் வலது கடைவாயைப் பாருங்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள்.

எட்டு வயதுப் பிள்ளை எதையும் ஒரே பக்கமாக மெல்லுகிறாள் என்றால் அதற்குப் பழக்கம் என்று பெயர் வைத்து விட்டுவிடக் கூடாது. மற்றப் பக்கத்தில் மென்றால் வலிக்கலாம், கூசலாம், சாப்பாடு போய் அடைத்துக்கொள்ளலாம். பால்பல் ஆடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பார்கள்தான். ஆனால் ஆடுகிற பல் சில வாரங்களில் விழுந்துவிடும், நீங்கள் பழக்கம் என்று எழுதும் அளவுக்கு நீடிக்காது. இந்தப் பகுதிக்கு இதே போன்ற கடிதங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. பல்லைப் பிடுங்கிய பிறகு, ‘வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை’ என்று எழுதுவார்கள். அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், ஒவ்வொரு கவளத்திலும். பெற்றவர்கள் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் என்ன பல் இருக்கிறது என்பதாவது தெரியுமா? ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்கெல்லாம் பின்னால், முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் அது வந்ததே பல வீடுகளில் தெரிவதில்லை. தெரிந்தாலும், ‘பால்பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. எழுபது வயது வரைக்கும் அவள் மெல்ல வேண்டிய பல் அது. முளைத்துச் சில ஆண்டுகள் வரை அதன் எனாமல் முழுதாகக் கெட்டிப்படுவதில்லை. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் வேறு. பாகுத் துணுக்கு போய் உட்காருவதற்கு அதைவிட வசதியான இடம் வாயில் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தின் அந்த அரைமணி நேரத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் நிம்மதியான நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின்மேல் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையின் அளவான பிஎச் ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். சாப்பிட்டு முடித்த பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சரிசெய்யும், அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எவ்வளவு நேரம் சர்க்கரை என்பதே பல்லுக்கு முக்கியம். சப்பிச் சப்பித் தின்னும்போது அந்த அரைமணியும் அமிலம் ஊறிக்கொண்டேயிருக்கிறது. போதாக்குறைக்கு ஷான்ஜாவே புளிப்புப் பழம், அதன் சொந்த அமிலமும் சேர்கிறது. பிறகு அவள் படுக்கிறாள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். பல்லைக் காப்பாற்ற இருந்த ஒரே துணையும் போய்விடுகிறது. நாள் முழுவதிலும் இனிப்புத் தின்பதற்கு மிக மோசமான நேரம் எது என்று கேட்டால், உங்கள் கணவர் தேர்ந்தெடுத்த அந்த ஒன்பது மணியைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு பல் துலக்குகிறாளா? சத்துகளைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

நீங்கள் கேட்ட சத்துக் கணக்கு இதோ. ஷான்ஜா, ஆப்பிளும் பேரியும் சேர்ந்த குடும்பத்துப் பழம். 100 கிராமில் 50 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது, பெக்டின் என்ற நார்ப்பொருளும் நிறைய. கொதிக்கும் பாகில் ஓரிரு நொடிதான் முக்குகிறார்கள் என்பதால் அந்த வைட்டமின் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பெய்ஜிங்கில், அதே குளிர்காலத்தில், ஆரஞ்சு குவிந்து கிடக்கிறது. உரித்துக் கொடுத்தால் அதே வைட்டமின் பாகு இல்லாமல் கிடைக்கும். இப்போது குச்சிகளில் ஸ்ட்ராபெரி, திராட்சை, கிவி என்றெல்லாம் கோக்கிறார்கள். அவற்றுக்கும் இதே பதில்தான்.

பாகைப் பாருங்கள். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை போட்டு 150 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். நம் ஊரில் கடலைமிட்டாய்க்குப் பாகைத் தண்ணீரில் விட்டெடுத்துத் தட்டினால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும் என்பார்களே, அந்தப் பதம்தான். பழத்தின்மேல் கண்ணாடி போல நிற்பது முழுக்க முழுக்கச் சர்க்கரை. பெயரில் வரும் ‘பிங்தாங்’ என்றால் கற்கண்டு என்றாலும் வண்டியில் கொதிப்பது பெரும்பாலும் சாதாரண வெள்ளைச் சர்க்கரைதான். 2023-இல் தென் கொரியாவில் சிறுவர்களிடம் இந்தக் குச்சி மோகம் தலைக்கேறியபோது, அங்கே விற்ற ஒரு குச்சியில் பழத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 10 முதல் 25 கிராம் வரை சர்க்கரை இருப்பதாகச் செய்திகள் வந்தன. ஒரு கடைச் சங்கிலியின் நிர்வாகியை நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேள்வி கேட்கும் அளவுக்குப் போனது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, சேர்க்கும் சர்க்கரை ஒருநாள் உணவின் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது. ஒருநாளைக்கு 1600 கலோரி சாப்பிடும் உங்கள் மகளுக்கு அந்த ஐந்து சதவீதம் 20 கிராம். பிஸ்கட், பாலில் போடும் சர்க்கரை, ஜாம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இருக்கும் அந்த 20 கிராமை ஒரே குச்சி விழுங்கிவிடக்கூடும்.

மருந்து என்கிறீர்கள். சீன வைத்தியத்தில் ஷான்ஜாவுக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. இறைச்சியும் கொழுப்பும் அதிகமாகத் தின்று வயிறு மந்தமானவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். உங்கள் மகளுக்கு அப்படி என்ன மந்தம்? சீனாவின் தெற்குச் சோங் வம்சத்துப் பேரரசர் குவாங்சோங்கின் பிரியத்துக்குரிய மனைவி நோயுற்றபோது, கற்கண்டோடு வேகவைத்த ஷான்ஜாவை ஒரு வைத்தியர் கொடுத்துக் குணப்படுத்தினார் என்று இந்தப் பண்டத்துக்கு ஒரு செவிவழிக் கதையும் உண்டு. அந்தக் கதையிலும் வேளைக்கு ஐந்து முதல் பத்துப் பழம் என்று அளவு இருக்கிறது. அரை மாதத்தில் அவள் தேறிவிடுகிறாள், மருந்தும் முடிந்துவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் நீள்வதில்லை.

இன்னொன்றும் அந்தப் பெண்மணி சொல்லியிருக்க மாட்டார். ஷான்ஜாவில் இருக்கும் துவர்ப்புப் பொருள்களும் பெக்டினும் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து கட்டியாக இறுகி, வயிற்றில் கல் போலத் தங்கிவிடுவது உண்டு. அரிதுதான், ஆனால் சீன மருத்துவமனைகளுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. வெறும் வயிற்றில் நிறையத் தின்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆகவே இரவுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடாத நாளில் இந்தக் குச்சி கூடவே கூடாது.

உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி. சீனப் பண்டம் என்பதற்காக அது கெடுதல் இல்லை. வடசீனக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காலத்தில் ஆசையாகத் தின்று வருவது. வைக்கோல் சுற்றிய கம்பத்தில் சிவப்புச் சிவப்பாகச் செருகி விற்கிறவரைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும், வரட்டும். அந்த ஊரில் வாழ்கிறவள் அந்த ஊர்ப் பண்டத்தைச் சுவைக்கத்தான் வேண்டும். தினமும் கொடுப்பதும், படுக்கப்போகும் நேரத்தில் கொடுப்பதும்தான் குற்றம். அதைச் செய்வது சீனர்கள் அல்ல, அவளைப் பெற்ற நீங்கள் இருவரும்.

நாள் முழுவதும் முகம் காட்டாத தகப்பன் இரவில் கையில் இனிப்போடு வருகிறார். பிள்ளை ஓடி வருகிறது. அவர் மனம் குளிர்கிறது. அவருடைய பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் குச்சியைக் கையில் கொடுத்த பிறகு அவர் உங்களோடு பேச உட்கார்ந்துவிடுகிறார். அவள் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து சர்க்கரையைச் சப்புகிறாள். நாள் முழுக்க அப்பாவுக்காகக் காத்திருந்த குழந்தைக்குக் கிடைத்தது குச்சி மட்டும். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள நேரம் வேண்டும்தான், அது அவள் தூங்கிய பிறகு. அந்த அரைமணி அவளுக்குச் சேர வேண்டியது. அவர் வெறும் கையோடு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்கட்டும். முதல் சில நாள் அவள் அழுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அழட்டும். பிள்ளை அழுமே என்று பயந்து கடமையை விடுகிற பெற்றோரிடம் எனக்கு இரக்கம் இல்லை.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். டார்ச் வெளிச்சத்தில் உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் காட்டுங்கள், இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் சொத்தை எக்ஸ்ரேயில்தான் தெரியும். பழுதில்லாத கடைவாய்ப் பற்களின் பள்ளங்களைப் பிசின் பூசி அடைத்துவிடலாமா என்று கேளுங்கள். பெய்ஜிங்கில் பள்ளிச் சிறுவர்களுக்கு அதை இலவசமாகச் செய்யும் திட்டம் நடக்கிறது. உங்கள் மகளுக்கும் கிடைக்குமா என்று பள்ளியில் விசாரியுங்கள். இரவில் ஃபுளோரைடு பற்பசையால் நீங்களே துலக்கிவிடுங்கள், எட்டு வயதுக் கைக்குக் கடைவாய் வரை சரியாக எட்டாது. துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

மருத்துவர் பல்லைச் சரிசெய்து அனுமதித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு குச்சி வாங்கி இரண்டு பேருக்குப் பங்கு போடுங்கள். பத்து நிமிடத்தில் தின்று முடித்து, தண்ணீர் குடித்து, வாய் கொப்பளிக்க வேண்டும். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடவோ நடக்கவோ விடாதீர்கள், அதன் முனை கூர்மையானது. சீனப் புத்தாண்டான வசந்த விழாவின்போது கோயில் சந்தைக்குப் போனால் மாமியாரையும் அழைத்துப் போய் அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன் இந்தப் பதிலை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டுங்கள், அவரைத் திருத்துகிற வரிகளை மட்டும் அல்ல.

பல் மருத்துவரிடம் நீங்கள் மட்டும் தனியாகப் போக வேண்டாம். குச்சி வாங்கி வந்தவர் அவர். அன்று அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காரட்டும்.