ஓநாயின் மருத்துவமனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்மா வாட்சன் நடித்த ‘கொலோனியா’ பார்த்தேன். சிலியில் ஜெர்மானியர்கள் நடத்திய கொலோனியா டிக்னிடாட் என்ற காலனியைப் பற்றிய படம். அதில் வரும் காதல் உண்மையில் நடந்ததா? அதே காலனியை வைத்து எடுத்த ‘ஓநாய் வீடு’ அனிமேஷனையும் போட்டேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு சந்தேகம். சுமார் 300 பேரை ஒருவன் இத்தனை காலம் அடைத்து வைத்திருக்கிறான். சுற்றியிருந்த சிலி கிராமத்து ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவ்வளவு அறியாமையா?

*

அன்புள்ள நண்பருக்கு,

காதல் கற்பனை. அதை விடுங்கள். ஆனால் படத்தில் ஜெர்மன் தூதரகம் கைவிடுவதைக் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். தங்கள் அதிகாரிகள் பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை 2016இல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸ்டைன்மையரே ஒப்புக்கொண்டார்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. அறியாமையாம்! சோபாவில் சாய்ந்துகொண்டு எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்ன அந்த ஒருவன், காலனியின் தலைவன் பவுல் ஷேஃபர், 1961இல் ஜெர்மனியிலிருந்து ஓடிவந்தவன். சிறுவர்களைச் சீரழித்தான் என்ற புகார் அங்கேயே இருந்தது. பர்ரால் என்ற ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கினார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று குடும்பங்களைப் பிரித்தான். 1973இல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்த பிறகு ரகசியப் போலீஸ் கைதிகளை அங்கே கொண்டுவந்து சித்திரவதை செய்தது. இதெல்லாம் படங்களில் வந்துவிடும். மின்வேலியும் நாய்களும் கேமராவுக்குத் தோதானவை.

வேலியைவிட பலமான காவல் ஒன்று இருந்தது. காலனியின் இலவச மருத்துவமனை. அரசாங்கம் எட்டிப் பார்க்காத மலையடிவாரம் அது. கூலி விவசாயியின் மனைவிக்கு வலி கண்டால் அங்கேதான் போகவேண்டும். பிரசவம் பார்த்தார்கள், குழந்தைக்கு மருந்து கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. அதே மருத்துவமனையில்தான் சொன்னபடி கேட்காத காலனிவாசிகளுக்கு மயக்க மருந்தும் மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். முன்வாசலில் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனவளுக்கு உள்ளறை எப்படித் தெரியும்? அரசல்புரசலாகத் தெரிந்திருந்தாலும், தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களைப் பற்றி அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? 1991இல் சிலி அரசு காலனியின் சட்ட அங்கீகாரத்தை ரத்து செய்தபோதும், பிறகு போலீஸ் உள்ளே புகுந்து தேடியபோதும், காலனிக்காக நின்றவர்களில் சுற்றுவட்டாரத்து ஏழைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு அது அவர்களுடைய ஆஸ்பத்திரி. அதை மூடினால் பதிலுக்கு யார் கட்டித் தருவார்கள்? தலைநகர் சாந்தியாகோவிலிருந்தா வரும்?

அந்த நன்றியைத்தான் ஷேஃபர் அறுவடை செய்தான். படிக்க வைக்கிறோம் என்று சொன்னபோது அதே குடும்பங்கள் நம்பிப் பிள்ளைகளை அனுப்பின. 1996இல் அப்படிப் போன ஒரு சிறுவன் தாய்க்கு ரகசியமாகச் சீட்டு அனுப்பினான். அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஷேஃபர் தலைமறைவாகி, 2005இல் அர்ஜென்டினாவில் பிடிபட்டு, 2010இல் சிறையில் செத்தான். வெளியுறவு அமைச்சகம் வாய் திறக்க இன்னும் ஆறு வருஷம் ஆனது. யாரை அறியாதவர் என்கிறீர்கள்?

‘ஓநாய் வீடு’ காலனியே எடுத்த பிரசாரப் படம் போலத் தொடங்குவது வேண்டுமென்றே செய்தது. அதில் ஓநாய் உறுமுவதில்லை; குழைவாக, பாசமாகக் கூப்பிடுகிறது. காலனியிலிருந்து தப்பி ஓடிய மரியா என்ற பெண் கடைசியில் அந்த ஓநாயிடமே உதவி கேட்கிறாள். நீங்கள் அதுவரை உட்காரவில்லை. செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.