சின்ன உதவி மையத்துக்குப் போனா நம்ம விவரமெல்லாம் பத்திரமா இருக்குமா?

நாலஞ்சு பேர் மட்டும் வெச்சு நடத்துற உதவி மையத்துல நம்ம பிரச்சனையைச் சொன்னா டேட்டா ஹேக் ஆகிடாதான்னு கேட்டிருக்கீங்க. கேக்குற விதத்தைப் பார்த்தா ஏற்கனவே எங்கயோ ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டு வந்து தூக்கம் வராம உக்காந்திருக்கீங்கன்னு தோணுது. நான் வேலை பாக்குறதே அந்த மாதிரி இடத்துலதான். வீட்டுல அடி வாங்குறவங்க, உதவித்தொகை நின்னுபோனவங்க, மாற்றுத்திறனாளிங்க இவங்களுக்கு மனு எழுதித் தர்றது, கூடப் போய் பேசுறது, அப்பீல் போடுறது, இதான் எங்க பொழப்பு. அதனால "சின்ன இடமாச்சே"ங்குற அந்த சந்தேகம் கொஞ்சம் சுருக்குன்னு தச்சுது, நீங்க தப்பாக் கேட்டுட்டீங்கன்னு சொல்ல வரலை.

ஹேக்கரைப் பத்தி அப்புறம் சொல்றேன். எங்ககிட்ட வர்றவங்களுக்கு நிஜமான ஆபத்து அவங்களை நல்லாத் தெரிஞ்சவங்ககிட்ட இருந்துதான் வருது.

ஒரு தடவை மத்தியானம் ஆஃபீஸுக்கு ஒரு ஃபோன். "நான் அவளோட அண்ணன் பேசுறேன் மேடம், அம்மாவுக்கு ரொம்ப முடியலை, அவ அங்க வந்தாளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க போதும்"னு குரல் தழுதழுக்க ஒருத்தர் கேட்டார். நான் எதுவும் கேக்காமலே பிறந்த தேதி, அடையாள அட்டை நம்பர், என்ன மாத்திரை சாப்பிடுறாங்கங்குறது வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சார். வேற இடத்துல ஆள் யாருன்னு சரிபார்க்க இதைத்தானே கேப்பாங்க, ஆனா கட்டின புருஷனுக்கு இதெல்லாம் மனப்பாடமா இருக்குமே, அப்ப இந்தக் கேள்விகளால என்ன பிரயோஜனம்? "இங்க யார் வர்றாங்க வரலைங்குறதை நாங்க யாருக்கும் சொல்றதில்லைங்க, சேதி எதுவும் இருந்தா குடுங்க, எழுதி வெச்சுக்குறேன்"னேன். அழுகை அப்படியே நின்னுபோய் வண்டை வண்டையா திட்டு விழுந்துச்சு. அவர் தேடின அந்தம்மாவுக்கு அண்ணனே கிடையாது.

"வரலைன்னு ஒரு பொய் சொல்லி முடிச்சிருக்கலாமே"ன்னு சிலர் கேப்பீங்க. முடியாதுங்க. ஒருத்தர்கிட்ட "வரலை"ன்னும் இன்னொருத்தர்கிட்ட "சொல்ல முடியாது"ன்னும் சொன்னா, அந்த ரெண்டாவது பதிலுக்கு "வந்தாங்க"ன்னு அர்த்தம் ஆகிடும். அதனால எங்க படியையே மிதிக்காத ஆளைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான். நிஜமாவே அம்மாவுக்கு முடியலைன்னா என்ன பண்றது, ஈவு இரக்கம் இல்லையான்னு கேக்குறவங்களுக்கு: சேதி போய்ச் சேரும், ஆனா நாங்க சம்பந்தப்பட்டவங்களுக்கு அவங்க சொன்ன நம்பர்ல, அவங்க சொன்ன நேரத்துல கூப்பிட்டுச் சொல்லுவோம். ஒவ்வொரு ஃபைலோட முதல் தாள்லயும் அதான் இருக்கும். "இந்த நம்பருக்கு மட்டும், காலையில 10-லிருந்து 11-க்குள்ள, வேற யார் எடுத்தாலும் ராங் நம்பர்னு வெச்சிடணும், மெசேஜ் அனுப்பக் கூடாது, தபால் வேண்டாம்." என்னைக் கேட்டா இந்த ஒரு தாளுக்கு அப்புறம்தான் பாஸ்வேர்டு எல்லாம்.

அடுத்தது வாலன்டியருங்க ஃபோன். கேஸ் ஆளோட நம்பரைப் பேரோட, "அடிதடி கேஸ்"னு ஒரு அடைமொழியும் சேர்த்து சொந்த ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சா, யார் கூப்பிடுறாங்கன்னு காட்டுற ஆப்புக்கு கான்டாக்ட் லிஸ்டைப் பாக்க பர்மிஷன் குடுத்திருந்தா அது எங்கெங்கயோ போய் நிக்கலாம். டாக்டர் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பினா அது கேலரில விழுந்து, ஆட்டோ பேக்கப் ஆன்ல இருந்தா அங்கிருந்து தானாவே கிளவுடுக்குப் போய், அதே அக்கவுன்ட் இருக்குற வீட்டு டேப்லெட்ல பிள்ளைங்க கண்ணுல படலாம். அதனால எங்ககிட்ட கேஸுக்குன்னே தனி ஃபோன், அதுல மீடியா ஆட்டோ டவுன்லோட் ஆஃப், பேக்கப் ஆஃப், சாயங்காலம் அது பீரோவுக்குள்ள போயிடும். யாராவது வேலையை விட்டுப் போனா அன்னைக்கே பாஸ்வேர்டு எல்லாம் மாறும், அவங்க மேல எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி.

ஹேக்கருக்கு வர்றேன். லேப்டாப் தொலைஞ்சாலும் யாரும் திறக்க முடியாதபடி டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் பண்ணியிருக்கோம், எங்க பழைய மெஷின்ல விண்டோஸ் ஹோம்தான், அதுல பிட்லாக்கர்னு விண்டோஸோட சொந்த டிஸ்க் பூட்டு முழுசா வராது, அதனால அதே வேலையைச் செய்யுற வெராகிரிப்ட்ங்குற சாஃப்ட்வேர், அது இலவசம். மெயிலுக்கு ரெண்டடுக்கு லாகின், அதாவது பாஸ்வேர்டு மட்டும் போதாது, இன்னொரு சரிபார்ப்பும் வேணும். அவ்வளவுதான், இதுக்குப் பெரிய காசு ஆகாது. இந்த லேப்டாப் கதையையும் சொல்லிடுறேன், ரொம்ப நாளா மனசுல இருக்கு. நன்கொடைன்னு வர்ற கம்ப்யூட்டர் பாதி ஆன் ஆகாது, ஆன் ஆகுறதுல குடுத்தவரோட வரிக் கணக்கும் குடும்ப ஃபோட்டோவும் அப்படியே இருக்கும், நாங்கதான் உக்காந்து அழிக்கணும், ஆனா நன்றி சொல்லி ஃபோட்டோவோட போஸ்ட் போடலைன்னா மட்டும் கோவம் வந்துடும். அதுலயும் "பயனாளியும் ஃபோட்டோல நிக்கட்டும்"பாங்க. பயனாளி ஒளிஞ்சு வாழுறாங்க சார்!

ஃபண்ட் குடுக்குறவங்களும் இதே ரகம்தான். எங்ககிட்ட உதவி வாங்கினவங்க லிஸ்ட் பேர், நம்பரோட வேணும்னு ஒரு இடத்துல கேட்டாங்க. மாட்டோம்னதும், சரி பேரை எடுத்துட்டு வயசு, ஏரியா, என்ன குறைபாடு, எத்தனை குழந்தைன்னு குடுங்கன்னாங்க. பேரை எடுத்துட்டா ஆள் தெரியாதுன்னு நினைப்பு. அமெரிக்காவுல லடான்யா ஸ்வீனின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2000-லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க, பிறந்த தேதி, பாலினம், அஞ்சிலக்க அஞ்சல் எண் இந்த மூணே மூணை வெச்சு அந்த நாட்டு ஜனத்தொகையில 87 சதவீதம் பேரை இன்னார்னு தனியாப் பிரிச்சிட முடியும்னு. கண் தெரியாத, மூணு குழந்தை இருக்குற, 34 வயசு அம்மா ஒரு ஏரியாவுல எத்தனை பேர் இருப்பாங்க? மொத்த எண்ணிக்கை மட்டும்தான் குடுத்தோம், அஞ்சு பேருக்குக் கீழ வர்ற இடத்துல எண்ணே போடலை. அடுத்த வருஷம் அந்த ஃபண்ட் வரலை. இதனாலதானான்னு கேட்டா நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை, நீங்களே நினைச்சுக்கோங்க.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவுல 2018-லிருந்து அமல்ல இருக்குற ஜிடிபிஆர்ங்குற தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்துல உடம்பு, மதம், பாலுறவு சம்பந்தப்பட்ட விவரத்துக்கெல்லாம் கூடுதல் கட்டுப்பாடு, ஆளுங்களுக்குப் பாதிப்பு வர்ற மாதிரி விவரம் கசிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லணும், உங்களைப் பத்தி வெச்சிருக்குறதுக்கு நகல் கேட்டா ஒரு மாசத்துக்குள்ள தரணும். பெரிய கம்பெனிக்கு மட்டும்னு நினைக்காதீங்க, நாலு பேர் இருக்குற இடத்துக்கும் அது பொருந்தும்.

நீங்க போன இடத்துல மூணு விஷயம் கேளுங்க. என் ஃபைலை யார் யார் பாப்பாங்க, கேஸ் முடிஞ்சா எப்ப அழிப்பீங்க, என் வீட்டுலருந்து யாராவது கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க. முதல் ரெண்டுக்கும் எங்க போனாலும் அச்சடிச்ச பேப்பரை எடுத்து நீட்டிடுவாங்க, மூணாவதுக்கு யோசிச்சு இழுத்தாங்கன்னா ஃபார்ம்ல இருக்குற உங்க வீட்டு நம்பரை உங்க கண்ணு முன்னாடியே கோடு போட்டு அடிக்கச் சொல்லிட்டு வாங்க.