உப்புப் போட்டேனா?

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களாகக் காலையில் பதினைந்து நிமிடம், செல்பேசியில் ஒலிக்கும் குரலைக் கேட்டபடி மூச்சைக் கவனித்து வருகிறேன். கண்ணைத் திறந்த ஐந்தாவது நிமிடம், 'என் சாக்ஸ் எங்கே?' என்று கேட்கும் மகன்மீது எரிந்து விழுகிறேன். சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பது நினைவில் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் நேற்றைய அலுவலகச் சண்டை மறுபடி நடக்கிறது. என் போன்றவர்களுக்கு இதெல்லாம் வராதோ?

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த உப்புதான்.

நீங்கள் செய்துவருவதற்கு இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அதற்கு மூலச்சொல் 'சதி'. வடமொழி 'ஸ்மிருதி'யின் உறவு, நேர்ப்பொருள் நினைவு. தமிழில் விழிப்புணர்வு என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலைக்கவசப் பேரணிதான் கண்முன் வருகிறது. அதைவிட, பால் பொங்கி வழிந்தபோதெல்லாம் என் அம்மா கேட்ட கேள்வி பொருத்தமானது: "நினைப்பு எங்கே இருக்கிறது?" உப்பு மறந்துபோவதில்லை, கை போட்ட நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஆதாரமான, புத்தரின் போதனையாக வரும் சதிபட்டான சூத்திரம் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதோடு நின்றுவிடுவதில்லை. நடக்கும்போது, திரும்பிப் பார்க்கும்போது, கையை மடக்கி நீட்டும்போது, மெல்லும்போது, பேசும்போது, பேசாதிருக்கும்போது என்று வரிசையாகப் போகிறது. மலசலம் கழிப்பதையும் விடவில்லை. துறவிகளுக்குச் சொன்னதுதான், ஆனால் இந்தப் பட்டியலில் துறவிக்கு மட்டுமே உரிய வேலை எத்தனை இருக்கிறது?

அதே சூத்திரத்தில் மனத்தைப் பற்றி வருவதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பயிற்சி செய்பவன் கோபமுள்ள மனத்தைக் கோபமுள்ள மனம் என்று அறிகிறான். சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்று அறிகிறான். சிதறாதே என்று அங்கே கட்டளை இல்லை. பஸ்ஸில் 'அடடா, மறுபடி அந்தச் சண்டைக்குப் போய்விட்டேனே' என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா, தோல்வி என்று நீங்கள் கணக்கில் எழுதும் அந்த நொடிதான் பயிற்சி. ஒரு நாளில் நாற்பது முறை அப்படித் தோன்றினால், நாற்பது முறை திரும்பி வந்திருக்கிறீர்கள்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஜான் கபாட்-ஸின் என்பவர் மைண்ட்ஃபுல்னஸை வைத்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார். இன்று அது எட்டு வாரம். அதில் பெயர்பெற்ற தொடக்கப் பாடம் என்ன தெரியுமா? ஒரே ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மெல்வது. இப்போது அதே பயிற்சியை ஊழியர்களிடம் கூடுதலாக வேலை வாங்க நிறுவனங்கள் கையிலெடுத்திருக்கின்றன. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. அது வேறு கதை.

செயலியை விட வேண்டாம். கூடவே ஒரு வேலையை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். நான் வீட்டைப் பூட்டுவதைத் தேர்ந்தேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ஆசாமி நான். சாவி திரும்பும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகே படியிறங்குவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நொடிகூட ஆகாது. உங்களுக்கு உப்பே போதும்: விரல்களுக்கிடையே அதன் சொரசொரப்பு, குழம்பில் விழுந்து கரைவது.

மகன் விஷயம் இவ்வளவு எளிதல்ல. வீட்டாரிடம் கத்துவதற்கு முன்னால் என் தாடை இறுகுகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இப்போதும் பாதி நாள், கத்தி முடித்த பிறகுதான் தாடை நினைவுக்கு வருகிறது. அப்போது போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு எங்கே இறுகுகிறது என்று பாருங்கள்.

அதுவரை சாம்பாரில் சந்தேகம் வந்தால், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பாருங்கள்.