மண்டிக் கணக்கில் எஸ்.க்யூ.எல். பழகலாம்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். பழகுவோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது), குரூப் பை (வகை வாரியாகத் தொகுப்பது) எல்லாம் படித்துவிட்டேன். ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்தால் கை ஓடவில்லை. எதை வைத்துப் பழகுவது?

தம்பி, நார்த்விண்ட் என்ற கற்பனை வணிக நிறுவனத்தை வைத்து மைக்ரோசாஃப்ட் தந்த மாதிரித் தரவுத்தளம் நல்லதுதான். ஆனால் அந்த வியாபாரத்தில் விடை தவறாக வந்தால் உனக்கு உறைக்காது. உன் ஊர்த் தக்காளி மண்டியை எடு. விவசாயி, வரத்து, ஏலம், பட்டுவாடா என்று நான்கு அட்டவணைகள் போதும். இருநூறு வரி நிரப்பு. வேண்டுமென்றே அழுக்கும் சேர்: ஒரே விவசாயியின் பெயர் இரண்டு விதமாக, விலை எழுதாத வரி, இருமுறை ஏறிய ரசீது. பிறகு கேள்வியை மண்டிக்காரர் வாயால் எழுது: "போன வாரத்துச் சரக்கில் யாருக்கு இன்னும் பாக்கி?" குரூப் பை போட்டுக் காட்டு என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை.

போச்சம்பள்ளி, கணக்கர்: மாங்காய்க் கொள்முதல் மொத்தம் ஏட்டைவிட அதிகமாக வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

நானும் இதில் ஒரு முறை முழுப் பகலைத் தொலைத்திருக்கிறேன். ஒரு லோடு 4 டன், கிலோ 18 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 72,000. அதை மூன்று தவணையாகக் கொடுத்திருக்கிறீர்கள். வரத்தையும் பட்டுவாடாவையும் லோடு எண்ணில் இணைத்தால் அந்த ஒரு லோடு மூன்று வரியாகிறது, கூட்டினால் 2,16,000. முதலில் பட்டுவாடாவை லோடு வாரியாகக் கூட்டி, லோடுக்கு ஒரு வரி ஆக்குங்கள். அதன் பிறகு இணையுங்கள். ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மூடி மறைக்காதீர்கள். ஒரே தொகைக்கு வந்த வேறொரு லோடும் காணாமல் போகும்.

ஓசூர், வேலைக்குத் திரும்ப முயலும் இல்லத்தரசி: சார், "பணம் வாங்காத விவசாயிகள்" என்று, பட்டுவாடாப் பட்டியலில் இல்லாதவரைத் தேடும் நாட் இன் வைத்துக் கேட்டேன். ஒரு வரிகூட வரவில்லை.

பட்டுவாடாவில் விவசாயி எண் எழுதாத வரி ஒன்றாவது இருக்கும். எழுதாத அந்த இடத்துக்கு நல் என்று பெயர். நல் என்றால் பூஜ்யம் அல்ல, தெரியாது என்று பொருள். தெரியாத அந்த ஆள் இவராகவே இருக்கலாம் அல்லவா? அதனால் கணினி யாரையும் பட்டியலில் சேர்க்க மறுக்கிறது. பொருந்தும் வரி இல்லையா என்று மட்டும் பார்க்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றுங்கள்.

காவேரிப்பட்டணம்: எந்தத் தரவுத்தள மென்பொருளில் பழகுவது, மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா?

பழகுவதற்கு எஸ்க்யூலைட். இலவசம், முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு.

தருமபுரி, பட்டுக்கூடு வியாபாரி மகன்: நேர்முகத் தேர்வில் பொறி வைத்துக் கேட்பார்களாமே. ஒன்று கொடுங்கள்.

நம் மாவட்டமே பொறிதான். 2003, 2005 விற்பனையை மாவட்ட வாரியாகக் கூட்டினால் தருமபுரி வியாபாரம் சரிந்துவிட்டதாகத் தெரியும். சரியவில்லை, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது, ஓசூர் அதனோடு போய்விட்டது. விற்பனை அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஊரை மட்டும் வையுங்கள். எந்த ஊர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த மாவட்டம் என்பதற்குத் தனி அட்டவணை போட்டு, விற்பனைத் தேதியையும் சேர்த்து இணையுங்கள். இரண்டு ஆண்டையும் இன்றைய எல்லைப்படி ஒப்பிட வேண்டுமா, அன்றைய எல்லைப்படியா என்று கேட்பவரிடமே திருப்பிக் கேளுங்கள். பாதி மதிப்பெண் அதற்கே கிடைக்கும்.