விட்ட உணவுமுறைக்குத் திரும்ப 21 நாள் பொடி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று வருடத்துக்கு முன் கொழுப்பு குறைந்த முழுத் தாவர உணவுக்கு மாறி எட்டு மாதம் இருந்தேன். எடையும் கெட்ட கொழுப்பும் நன்றாக இறங்கின. ஆனால் எப்போதும் சோர்வு, வயிற்றில் வாயு. மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்கே போய்விட்டேன், இறங்கியதெல்லாம் மறுபடி ஏறிவிட்டது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். திரும்பத் தொடங்கும் முன் 21 நாள் கழிவுநீக்கப் பொடி குடித்து உடலைத் தயார் செய்ய வேண்டும் என்கிறார் ஓர் ஊட்டச்சத்து ஆலோசகர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் தூங்கும்போதுகூடச் செய்துகொண்டுதான் இருக்கின்றன, அதற்குப் பொடி தேவையில்லை. இப்படி விற்பவர்களில் பலருக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. அதனால் யார் அறிவுரை சொன்னாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இதை நான் வாங்கினால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அவர் ஆலோசகர் இல்லை, விற்பனையாளர். என்னிடம் வருகிறவர்கள் இந்த டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பேதியாகி இரண்டு கிலோ குறைந்ததைக் கழிவு போனதாக நம்புகிறார்கள். போனது தண்ணீர்.

சரி, போன தடவை ஏன் சோர்ந்தீர்கள்? பெரும்பாலும் போதிய அளவு சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். எண்ணெயையும் இறைச்சியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் காய்கறியை வைத்தால் தட்டு நிறையும், கணக்கு நிறையாது. 100 கிராம் வெள்ளரிக்காயில் 15 கலோரிதான் இருக்கிறது, அதே அளவு வேகவைத்த பயறிலோ தானியத்திலோ 100-க்கு மேல் இருக்கும். அதனால் பயறு, முழுத்தானியம், கிழங்கு இவைதான் சாப்பாட்டின் முக்கியப் பகுதி. இதைப் பயமில்லாமல் வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

சோர்வுக்கு இன்னொரு காரணம் வைட்டமின் பி12 ஆக இருக்கலாம். தாவர உணவில் அது கிடைக்காது, நீங்கள் எடுக்கும் மெட்ஃபார்மினும் அது உடலில் சேர்வதைக் குறைக்கும். முதலில் இரத்தத்தில் அளவைப் பாருங்கள், பிறகு சாதாரண பி12 மாத்திரை போதும். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருக்கிறது என்று விற்பார்கள், ஏமாறாதீர்கள். அதிலிருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். பி12 குறைந்ததால் கால் மரத்துப்போய் வருடக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பத்து நிமிடம் உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு மருத்துவராவது கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். கேட்க நேரமில்லை, மாத்திரை எழுத மட்டும் நேரம் இருக்கிறது.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நீங்கள் எடுக்கும் கிளிமிபிரைடு, நீங்கள் என்ன சாப்பிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். இந்த உணவுமுறையில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், அப்போது பழைய அளவு மாத்திரையே அதிகமாகிவிடும், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். 2006-இல் அமெரிக்க மருத்துவர் நீல் பர்னார்டும் குழுவினரும் நீரிழிவுள்ள 99 பேரை வைத்து 22 வாரம் செய்த ஆய்வில், கொழுப்பு குறைந்த தாவர உணவு சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு மருந்து குறைந்தது, வழக்கமான நீரிழிவு உணவு சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு. நல்ல செய்திதான், ஆனால் அதை மருத்துவர் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக்கூடாது. தொடங்கும் முன்பே போய், இந்தத் தேதியில் உணவை மாற்றுகிறேன், மாத்திரையை எப்படிச் சரிசெய்வது என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் வீட்டிலேயே தினமும் சர்க்கரை பாருங்கள். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. இரத்த அழுத்த மாத்திரையும் இருந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.

எவ்வளவு கொழுப்பு? இந்த முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர்கள் மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்பார்கள், 2000 கலோரிக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 14 கிராம் போய்விடும், அது எந்த எண்ணெயாக இருந்தாலும். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய்ப் புட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கணக்கில் வராது. தேங்காய் எண்ணெயில் அதுவும் இல்லை, ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. 'கொழுப்பு குறைந்தது' என்று போட்ட பாக்கெட்டில் சர்க்கரையைத் தேடிப் பாருங்கள். இப்படி அச்சிட அனுமதிக்கிறவர்களை என்ன சொல்வது! கொழுப்பை முழுக்க விடவும் கூடாது, தினமும் ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளிவிதை போதும்.

வாயுத் தொல்லை நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றியதால் வந்தது. பயறை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவையுங்கள். முதல் வாரம் வேளைக்கு அரைக் கிண்ணம், அப்புறம் கூட்டுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும்.

கொழுப்புப் பரிசோதனையைத் தொடங்கும் முன் ஒருமுறை, ஆறு வாரம் கழித்து ஒருமுறை, அதே ஆய்வகத்தில் செய்யுங்கள். நடுவில் 'முழு உடல் பேக்கேஜ்' எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.