குளத்தில் நீந்தவா, ரோட்டில் ஓடவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 42, எடை 80 கிலோ. காலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. ஓடினால் உடம்பு அதிகம் குறையுமா, நீந்தினாலா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: மணிக்கு 8 கி.மீ. வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்ற கணக்கில் அரை மணி ஓடினால் உங்கள் எடைக்குச் சுமார் 330 கலோரி செலவாகும். ஃப்ரீஸ்டைலில் நிதானமாக அரை மணி நீந்தினால் 230, நல்ல வேகத்தில் நீந்தினால் 390. ஏட்டுக் கணக்கில் வேக நீச்சல்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் அரை மணி விடாமல் நீந்துவது முறையாகப் பழகியவர்களுக்கே பெரும்பாடு. மற்றவர்கள் குளத்தில் இருப்பது அரை மணி, நீந்துவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். மீதி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதிலும், பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதிலும் போய்விடும். நிதானமாக நீந்திய 12 நிமிடத்துக்கு 90 கலோரிதான். வீடு திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டால் கணக்கு நேர், இன்னொன்று சாப்பிட்டால் கடன்.

ஆகவே உங்களுக்கு ஓட்டம்தான். முதல் நாளே முழு அரை மணியும் ஓடிவிடாதீர்கள். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. வாரத்துக்கு நாலு நாள் போதும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூச்சு மூன்று வாரத்தில் பழகிவிடும், முழங்காலும் முன்கால் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. "மூச்சு வாங்கவில்லையே" என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முன்கால் எலும்பின் ஓரத்தில் வலி வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: நிற்காமல் 5 கி.மீ. ஓடுகிறேன். ஆனால் குளத்தில் 25 மீட்டர் நீந்தினால் உயிர் போகிறதுபோல் இரைக்கிறது. இதயம் பலவீனமா? (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: 5 கி.மீ. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ இல்லாமல் ஓடுகிறீர்கள் என்றால், கோளாறு பெரும்பாலும் மூச்சு விடும் முறையில்தான் இருக்கும். ஓடும்போது மூச்சு இலவசம். தண்ணீருக்குள் அது ரேஷன், உங்கள் முறை வரும்போதுதான் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் தூக்கிய அந்த ஒரு கணத்துக்குள் வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் பார்க்கிறார்கள். இரண்டும் அரைகுறையாகிறது. உள்ளே கரியமில வாயு சேரச் சேர, காற்று போதவில்லை என்ற பதற்றம் வருகிறது. அந்த இரைப்பு ஆக்சிஜன் குறைவால் வருவதல்ல.

இரண்டாவது தப்பு, மூச்சுக்காகத் தலையை முன்பக்கம் தூக்குவது. தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் தொங்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. தொங்கும் காலை அதற்குள் இழுத்துக்கொண்டு போவது, பிரேக் பிடித்தபடி சைக்கிள் மிதிப்பது மாதிரி. மூன்றாவது, ஓட்டக்காரர்களுக்கே உரியது: கணுக்கால் இறுக்கம். பாதம் பின்னால் நீளாமல் கொக்கி மாதிரி நிற்கும், முழங்காலை மடக்கி உதைப்பீர்கள். தொடை ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்குமே தவிர உடம்பு நகராது.

முதல் வாரம் நீந்தவே வேண்டாம். மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்து நின்று, முகத்தை உள்ளே விட்டு, நாலு எண்ணும்வரை மூக்காலும் வாயாலும் குமிழி விடுங்கள். பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் இழுங்கள். தூக்காமல் திருப்ப வேண்டும், நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை.

இரண்டாம் வாரம் 25 மீட்டர், 30 விநாடி ஓய்வு, எட்டு முறை. இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு. மூன்றுக்கு ஒன்று என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உதையைக் குறைத்து, கட்டைவிரல்கள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு மட்டும் காலை அசையுங்கள். வாரத்துக்கு 5 விநாடி வீதம் ஓய்வைக் குறையுங்கள். 400 மீட்டரை நிற்காமல் கடக்கிற நாளிலிருந்துதான் நீச்சல் உங்களுக்குக் கார்டியோ, அதாவது இதயத்துக்கான பயிற்சி. அதுவரை அது பாடம் படிக்கும் நேரம், ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு கணக்குப் போட, 1 கி.மீ. நீச்சல் சுமாராக 4 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தோட்டத்துக் கிணறே நீச்சல் குளம் மாதிரி இருக்கிறது. அதில் நீந்தினால் போதாதா? (வாசகர், வாழப்பாடி)

பதில்: 30 அடி அகலக் கிணற்றில் சுவரை உதைத்துக் கிளம்பினால் ஆறேழு கைவீச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடும். நாடித்துடிப்பு ஏறுவதற்குள் திரும்ப வேண்டியிருக்கும். மேலிருந்து குதித்து, படியேறி, மறுபடி குதிப்பதில் உடற்பயிற்சி என்றால் படியேறுவதுதான். நின்ற இடத்திலேயே கைகால் அடித்து மிதந்துகொண்டிருங்கள்: 1 நிமிடம் வேகமாக, 30 விநாடி லாரி ட்யூபைப் பிடித்து ஓய்வு, பத்து முறை. இறங்குமுன் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து ஃப்யூஸையும் பிடுங்கி வையுங்கள். தண்ணீரில் மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது. தனியாக இறங்கவே கூடாது.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஓடி இறங்கினேன். மூன்று நாளாக மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏன்? (வாசகர், கோரிமேடு)

பதில்: 20 கொண்டை ஊசி வளைவுகளில் மலையின் முழு உயரத்துக்கும் உங்கள் உடம்பைத் தொடைகள் தாங்கி இறக்கியிருக்கின்றன. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும். தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுவது அப்போதுதான். மறுநாளிலிருந்து மூன்றாம் நாள் வரை உச்சத்தில் வலிக்கும், ஒரு வாரத்தில் தானாகவே போகும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இறக்கத்தில் ஓடுவதால் இதயத்துக்குப் பெரிய வேலையும் இல்லை. ஏறுங்கள், வளைவுக்கு வளைவு நடையும் ஓட்டமுமாக. இறங்கும்போது பஸ் பிடியுங்கள். இறக்கமும் பழக வேண்டும் என்றால் முதலில் 2 கி.மீ. போதும், இரண்டு வாரம் கழித்து 4 கி.மீ. அடியைச் சிறிதாக வையுங்கள். குதிகாலை முன்னால் ஊன்றி பிரேக் போட்டால் அடி முழுவதும் முழங்காலுக்குத்தான். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கம் ஓடுவதுதான் நல்லது. ஆனால் பாறை மறைக்கும் உள்வளைவில் வண்டி உங்களை ஒட்டி வரும், அங்கே முன்கூட்டியே வெளிப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள்.

மேலே ஏரியைச் சுற்றி ஓடும்போது வேகம் கிலோமீட்டருக்குப் பத்திருபது விநாடி குறைந்தால் கவலை வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு.

கேள்வி: வயது 58, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முழங்கால் தேய்மானம். டாக்டர் நீச்சல் என்கிறார். எனக்கு நீந்தத் தெரியாதே? (வாசகி, ஃபேர்லாண்ட்ஸ்)

பதில்: நீந்தத் தெரிய வேண்டியதில்லை அம்மா. மார்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். அதில் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று 20 நிமிடம் நடங்கள். பருத்திச் சுடிதார் தண்ணீர் குடித்துக் கனக்கும், நைலான் நீச்சல் உடை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய வகையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்படியென்றால் இறங்குமுன் சர்க்கரை பார்த்து, 100-க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டே இறங்க வேண்டும். சர்க்கரை தாழும்போது வியர்க்கும் என்பது தெரியும், தண்ணீருக்குள் அந்த வியர்வை தெரியாது. குளுக்கோஸ் கரை ஓரத்திலேயே இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைவென்றால் குளத்து விளிம்பு வரை ரப்பர் செருப்போடு போங்கள். எலும்பு உறுதிக்குத் தண்ணீர் உதவாது என்பதால் வாரம் இரண்டு நாள் தரையில் நடப்பதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: ஓடும்போது 150 காட்டும் ஸ்மார்ட்வாட்ச், நீந்தும்போது 135-ஐத் தாண்டுவதில்லை. சோம்பலாக நீந்துகிறேனா? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: இல்லை. படுத்த நிலையிலும் தண்ணீரின் அழுத்தத்திலும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடுகிறது, ஒரு துடிப்பிலேயே அதிகம் வெளியேறுகிறது. குளிர்ச்சியும் சேர்வதால் துடிப்பு பத்துப் பதினைந்து குறைவாகவே இருக்கும். மணிக்கட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் வாட்ச் தப்பாகவும் காட்டும். சுவரைத் தொட்டதும் ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் ஒரு மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தால் வேகம் சரி. பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாக நீந்தலாம்.